நகரியில் ஒரு மறுபிறவிச் சாட்சி

திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போகும் பஸ், புத்தலப்பட்டை நெருங்கும்போது ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கினார், முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார், தெலுங்கில் ஏதோ சொன்னார், பிறகு பீடியைப் பற்றவைத்தார். அவர் அதை இழுத்த நிதானத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மூட்டைகளோடு இறங்கத் தொடங்கினோம்.

பஸ்ஸிலிருந்து இறங்குவது எனக்குக் கொஞ்சம் வேலை. வலது முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால் இல்லை. யாழ்ப்பாணத்தில், பதின்மூன்று வயதில், ஒரு ஷெல் அதைக் கொண்டுபோனது. என் தம்பியும் அதே ஷெல்லில்தான் போனான். செயற்கைக் காலோடு சமதரையில் நான் வேகமாகவே நடப்பேன். படிகள்தான் சிக்கல்.

திருமலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல் வந்த ஒரு அம்மா கைகொடுத்து இறக்கிவிட்டார். சேலை சற்று விலகியதில் கால் தெரிந்துவிட்டது.

"அய்யோ பாவம், இன்னா ஆச்சிம்மா காலு?"

"ஷெல் பட்டது அம்மா. எங்கட ஊர்ச் சண்டை நேரம்."

என் கையைத் தடவிக்கொடுத்தார். "போன ஜென்மத்துல இன்னா பண்ணியோ, இப்ப அனுபவிக்கிற. இந்தா, லட்டு துன்னு."

ஒரே மூச்சில் தீர்ப்பும் லட்டும். எங்கள் ஊரில் யாரையாவது பார்த்துத் 'தின்' என்றால் சண்டை வரும். இங்கே அது அன்பு. பிரசாதத்தைத் தொடாத கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும். நான் வாங்கித் தின்றேன். பச்சைக் கற்பூரமும் நெய்யும் மணத்தது.

"போன ஜென்மத்தில நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா," என்றேன். "இந்த ஜென்மத்தில ஆரோ ஒருத்தன் ஷெல் அடிச்சவன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவனுக்கு இருக்குது, அடுத்த ஜென்மத்துல," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இந்தியாவுக்கு வந்த காரணமே இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ சமயம் படிப்பிக்கிறேன். சித்தூரிலுள்ள ஒரு சிறிய தமிழ்ச் சபை, மறுபிறவி உண்டா என்பதற்குக் கிறிஸ்தவப் பதில் என்ன என்று இரண்டு மாலைகள் பேசச் சொல்லி அழைத்திருந்தது. முதல் விவாதம் பழுதான பஸ்ஸின் நிழலிலேயே தொடங்கிவிட்டது. அதில் நான் வென்றதாகச் சொல்ல முடியாது.

பின்னால் வந்த பஸ்ஸில் நின்றபடியே சித்தூர் போய்ச் சேர்ந்தேன். போதகரின் மனைவி ரூத்தம்மா நிலையத்தில் காத்திருந்தார். வீட்டில் சங்கடி எனப்படும் ராகிக் களியும் கோழிக்குழம்பும் வேர்க்கடலைச் சட்னியும் இருந்தன. ராகியை நாங்கள் குரக்கன் என்போம். எங்கள் ஊரில் நீரிழிவு வந்த பிறகுதான் பலருக்கு அதன்மேல் பக்தி வரும். இங்கே பந்துபோல் உருட்டி, சுடச்சுட, ஆசையோடு சாப்பிடுகிறார்கள். நான் மெல்லத் தொடங்கியதும் ரூத்தம்மா பதறிப்போனார்.

"மெல்லக் கூடாது டீச்சர். கொழம்புல தோச்சி முழுங்கணும்."

முழுங்கினேன். மூன்றாவது வாயிலிருந்து நன்றாகவே போனது.

மறுநாள் மாலை கூட்டம். தகரக் கூரை, மின்விசிறிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம், எங்கள் ஊர்போலவே. நான் பேச்சைச் சுற்றிவளைப்பதில்லை. எனக்குக் கிடைக்கும் தண்டனை எதற்கு என்று எனக்குத் தெரியவேண்டும், தெரியாவிட்டால் அது தண்டனையே இல்லை, வெறும் அடி என்றேன். பிறவிக்குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் இது, இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருடையதும் இல்லை என்று இயேசு சொன்னதை எடுத்துச் சொன்னேன். என் காலைத் தட்டிக் காட்டி, அந்தப் பதில் எனக்கு என்ன செய்தது என்றும் சொன்னேன். செய்ததையெல்லாம் செய்தவனே தீர்க்கவேண்டும் என்றால் மன்னிப்புக்கு எங்கே இடம் என்று கேட்டேன். கடைசியாக, உடம்பு கழற்றிப்போடும் சட்டை அல்ல என்றேன். கடவுள் எழுப்பப்போவது இந்த மனிதரை, இந்த முகத்தோடு.

பேச்சு நன்றாகவே போனது. சபை தலையாட்டியது. கேள்வி நேரத்தில் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு.

"எம் பேரு முனிரத்தினம். நகரியில பவர்லூம் வச்சிக்கினு கீறேன். நான் கிறிஸ்டியன் இல்ல. மச்சான் ஊட்டுக்கு வந்தேன், செவுத்துல நோட்டீசு பாத்தேன், வந்துட்டேன். ஒரு கேள்வி, ஒரு சாட்சி."

"கேளுங்கோ."

"ஞாபகம் இல்லாத தப்புக்குத் தண்டனை குடுத்தா நியாயம் இல்லன்னீங்க. ஆதாம் பழம் துன்னது உங்களுக்கு ஞாபகம் கீதா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இருபது வருடம் வகுப்பில் நின்றிருக்கிறேன், எந்தப் பிள்ளையும் இதை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

"நல்ல கேள்வி," என்றேன். "ஆதாமிட்டயிருந்து எனக்கு வந்தது நோய் எண்டுதான் நான் நம்புறன். தகப்பனுக்கு இருந்த நோய் பிள்ளைக்கும் வரும். அதுக்காகப் பிள்ளையைக் குற்றவாளி எண்டு சொல்லேலாது. வைத்தியரிட்டக் கொண்டுபோக வேணும்."

"அதையேதான் நாங்க கர்மான்றோம். சும்மா உக்காந்துக்கினு அழச் சொல்லல யாரும். இந்த தபா ஒழுங்கா நடந்துக்கோன்னு சொல்றாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "சரி, கேள்விய உடுங்க. சாட்சிய கேளுங்க. செத்துப்போன எம் பொண்ணு எங்க ஊட்லயே திரும்பிப் பொறந்து கீறா. நாளைக்கு நகரிக்கு வாங்க. காட்றேன். பாத்துட்டு அப்பறம் இல்லன்னு சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வாறன்," என்றேன்.

தேநீர் நேரத்தில் சபையின் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "டீச்சர், உங்க தாத்தா காலத்துல யாராவது செய்வினை, மந்திரம்னு போயிருப்பாங்க. அந்தச் சாபந்தான் காலுல வந்துருக்கும். ஜெபம் பண்ணுங்க," என்றார். ஒரு மணி நேரம் நான் பேசியதன் பலன் இது! முற்பிறவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் தாத்தாவை உட்காரவைத்திருக்கிறார். என் தாத்தா தபாற்கந்தோரில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவர். மந்திரத்துக்கு அவருக்கு நேரமே இருந்திருக்காது. அன்று பின்வரிசை மனிதரைவிட இந்த முன்வரிசை மனிதர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் காலை ரூத்தம்மாவும் நானும் நகரிக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸுக்குள் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடின. தமிழில் தொடங்கும் ஒரு பெண் விலை வரும்போது ஆங்கிலத்துக்குப் போவார், திட்டும்போது தெலுங்குக்குப் போவார். முன்சீட்டில் ஒருவர் போனில், "நேனு பஸ்லோ கீறேன், செப்பு," என்றார். நான் பஸ்ஸில் இருக்கிறேன், சொல்லு என்பது. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊரில் இரண்டு மொழிகள் இப்படி ஒரு வாய்க்குள் சமாதானமாக இருந்து நான் கேட்டதில்லை.

நகரியில் இறங்கியதும் காதில் விழுவது தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு அதே சத்தம், தகரத்தில் மழை அடிப்பதுபோல. முனிரத்தினத்தின் வீட்டின் முன்பாதி முழுவதும் தறிகள். பின்பாதியில்தான் குடும்பம். அவர் கையைக் காட்ட, வேலையாட்கள் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார்கள். சத்தம் நின்ற பிறகும் சிறிது நேரம் எனக்குக் காது கேட்கவில்லை.

அவருடைய மனைவி சரோஜா நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு திரும்பவும் நூல் சுற்றப் போய் உட்கார்ந்தார். சுவரில் ஒரு சிறுமியின் படம், இரட்டைச் சடை, சிவப்புப் பாவாடை. மாலை இல்லை, பொட்டும் இல்லை.

"இதான் மீனா," என்றார் முனிரத்தினம். "ஆறு வயசு, ஜுரத்துல போய்ட்டா. உயிரோட கீறவளுக்கு எதுக்கு மாலை?" உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "மீனா! வாம்மா."

வந்தாள். அதே சிவப்புப் பாவாடை. இடுப்பில் மடித்துத் தைத்திருந்தது.

அவர் சாட்சிகளை எடுத்துவைத்தார். இடது காதின் கீழே மச்சம், மூத்தவளுக்கும் அங்கேதான். பாலில் ஆடை படிந்தால் குடிக்கமாட்டாள், மூத்தவளும் அப்படித்தான். மூத்தவள் அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கோலிகளை இவள் மூன்று வயதில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். "உங்கட பேர் என்ன?"

"மீனா." அப்பாவைப் பார்த்தாள். "ஸ்கூல்ல வெண்ணிலா. இப்ப ஸ்கூல் இல்ல."

"ஏன் இல்லை?"

"ஆறு வயசு முடியற வரைக்கும் வேணாம்னு நாந்தான் நிறுத்திட்டேன்," என்றார் முனிரத்தினம். "அங்க எவ்ளோ பசங்க, யாருக்கு இன்னா ஜுரம்னு தெரியாது. போன தபா உட்டது போதும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மச்சங்கள் பல பிள்ளைகளுக்கு உண்டு. கோலிக் கதையை அந்தப் பிள்ளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்கள், அதை அவளே செய்ததாக எப்போது நம்பத் தொடங்கினார்கள், இதையெல்லாம் நான் கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் விவாதம் மச்சத்தைப் பற்றியதல்ல. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவளுடைய சாவுக்காக இன்னொரு முறை காத்திருக்கவைக்கப்பட்டிருக்கிறாள்.

ரூத்தம்மா முறுக்குப் பொட்டலத்தைக் காட்டி அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்கள் இவ்வளவு உறுதியா நம்புறதுக்கு மச்சம் மட்டும் காரணமோ?" என்று கேட்டேன்.

முனிரத்தினம் தறியில் தொங்கிய ஒரு நூலை இழுத்து அறுத்தார். "ஜுரம் வந்து ரெண்டு நாளு நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவல மேடம். தறில அவசர வேல. சும்மா ஜுரம்னு நெனச்சேன். மூணாவது நாளு ஓடினேன். லேட்டாய்டுச்சி." முகத்தைத் துண்டால் துடைத்தார். "அப்பிடிப்பட்டவன் ஊட்டுக்கே அவ திரும்பி வந்தான்னா இன்னா அர்த்தம்? என்னை மன்னிச்சிட்டான்னுதானே அர்த்தம்?"

நான் கொண்டுவந்திருந்த நியாயங்கள் எல்லாம் சரியானவைதான். அந்த நேரத்தில் ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. வேறொன்றைச் சொன்னேன். மேடைகளில் நான் சொல்லாத ஒன்று.

"என்ரை தம்பி பங்கருக்குள்ள இருந்தவன். ஷெல் சத்தம் நிண்டிட்டுது, வெளியில வா எண்டு கூப்பிட்டது நான்தான். அவன் வந்தான். அடுத்த ஷெல் விழுந்தது. பிறகு என்ரை பெரியம்மாவின்ரை மகளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. தம்பின்ரை அதே மூக்கு. தம்பிதான் வந்திருக்கிறான் எண்டு சொந்தத்தில எல்லாரும் சொன்னவை. நானும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைச்சுக்கொண்டு மன்னிச்சிடு, மன்னிச்சிடு எண்டு அழுதனான். அவன் பயந்து வீரிட்டான். நான் கேட்டதை அவனால தரேலாது. அது அவனிட்ட இல்லை."

சரோஜா நூல் சுற்றுவதை நிறுத்தியிருந்தார்.

"தம்பி வேற ஆராவும் மாறேல்லை. தம்பியாவே கடவுளிட்ட இருக்கிறான். ஒருநாள் அதே முகத்தோட அவனைக் காணுவன், அப்ப நேரா அவனிட்டயே கேட்பன். கடவுளிட்ட இப்பவே கேட்டிட்டன். அவர் தந்திட்டார். இது என்ரை நம்பிக்கை. இதில எனக்குச் சந்தேகம் இல்லை."

முனிரத்தினம் விடவில்லை. விட்டிருந்தால் எனக்கு அவர்மேல் மரியாதை குறைந்திருக்கும்.

"உங்க தம்பி கிறிஸ்டியன். எம் பொண்ணு இல்ல. ஒரே பொறப்பு, அதோட தீர்ப்புன்றீங்க. ஆறு வயசுல அவளுக்கு இன்னா தீர்ப்பு? உங்க சாமிகிட்ட எம் மீனா எங்க கீறா, சொல்லுங்க பாக்கலாம்."

இதற்கு, கிறிஸ்துவை நம்பாதவர்களுக்கு நரகம்தான் என்று தயாராய் ஒரு பதிலை வைத்திருப்பவர்கள் எங்களில் உண்டு. அந்தப் பதிலை நான் அந்த வீட்டில் சொல்லவில்லை, எங்கும் சொல்லமாட்டேன்.

"அவளுக்கு என்ன தீர்ப்பு எண்டு சொல்ல நான் ஆர்? ஆனா பிள்ளைகளைத் தடுக்காதேங்கோ எண்டு சொல்லித் தூக்கி அணைச்சவர் இயேசு. அவர் உங்கட மீனாவை வாசலில நிப்பாட்டி வைப்பார் எண்டு நான் நம்பமாட்டன்."

"நம்பிக்கைதானே? எனக்கும் கீது நம்பிக்கை." கைகளை விரித்தார்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் அவரவர் கரையில் நின்றோம். அப்போதுதான் சரோஜா பேசினார். என்னைப் பார்த்து அல்ல, கணவரைப் பார்த்து.

"எனக்கு ரெண்டு தபா வலி வந்துச்சி. ரெண்டு பொண்ணு பெத்தேன். நீ ஒண்ணுன்ற."

"சரோஜா..."

"செத்தவளுக்கு அழறதுக்கு ஒரு நாளு உட்டியா என்னை? அதான் வந்துட்டாளேன்ன. வந்தவளை அவ பேரு சொல்லிக் கூப்டவும் உடல. ரெண்டு பேருல ஒருத்தியும் எனக்கு இல்லாம பண்ணிட்ட."

அவர் குரல் உயரவில்லை. முனிரத்தினம் எழுந்தார். தறியருகே போனார். பொத்தானை அழுத்தினார். ஒன்று, பிறகு மற்றது, பிறகு எல்லாம் ஓடத் தொடங்கின. அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் எதையும் பேச முடியாது. சரோஜா எங்களைத் தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். என் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ரூத்தம்மா, "ஜெயிச்சோமா டீச்சர்?" என்று கேட்டார். "எனக்குத் தெரியேல்லை," என்றேன். ஆனால் ஒரு விஷயம் தெளிவாகவே இருந்தது. ஒவ்வொரு மனிதரும் ஒருமுறைதான் வருகிறார், அவருக்குப் பதிலாக இன்னொருவரை வைக்க முடியாது என்று இருபது வருடமாக நான் படிப்பிப்பதை, கோயிலுக்குப் போகிற ஒரு பெண் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தன் உடம்பைச் சாட்சியாக வைத்துச் சொன்னார்.

அன்று மாலை இரண்டாம் கூட்டம். முதல் நாள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப வாங்கவில்லை. ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "கால் இல்லாதவளைக் கண்டதும் யாருடைய பாவம் என்று தேடுகிற பழக்கம் பக்கத்து வீட்டில் மட்டும் இல்லை. இந்த மண்டபத்துக்குள்ளும் இருக்கிறது. அதை விடாமல் மறுபிறவியைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை." முன்வரிசைப் பெரியவர் தரையைப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் அவர்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்.

நான்காம் நாள் காலை முனிரத்தினம் போன் செய்தார். என் ரயில் மத்தியானம் ரேணிகுண்டாவில். அவர்கள் திருப்பதிக்கு வருகிறார்களாம், பிள்ளைக்கு மலையில் மொட்டை போடவேண்டிய வேண்டுதல். பஸ் நிலையத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

திருப்பதி பஸ் நிலையத்தில் எந்த நேரமும் திருவிழா நேரம்தான். போகிற தலைகளில் முடி, வருகிற தலைகளில் சந்தனம். எங்கள் நல்லூர்த் தேர் அன்று இருக்கும் கூட்டம் இங்கே ஒரு சாதாரண வியாழக்கிழமைக்கு இருந்தது. ஒரு கடையில் எல்லோரும் இட்லி சாப்பிட்டோம். காரச் சட்னி கண்ணில் தண்ணீர் வரவைத்தது. சரோஜாவின் கண்கள் சட்னிக்கு முன்பே வீங்கியிருந்தன. நன்றாக அழுதிருக்கிறார். ஆனால் முகம் நேற்றைவிட இளகியிருந்தது.

பிள்ளை மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். அளவாய் இருந்தது.

கை கழுவும் இடத்தில் முனிரத்தினம் என்னிடம் சொன்னார். "மேடம், மறுபிறவி இல்லன்னு நான் ஒத்துக்கல. எம் மீனா எங்கயோ பொறந்து கீறா. நல்ல ஊடாத்தான் இருக்கும். ஜுரம் வந்தா ஒடனே தூக்கிக்கினு ஓடற அப்பனா இருப்பான்." குழாயை இறுக்கி மூடினார். "ஆனா எங்க ஊட்ல இல்ல. அத ஒத்துக்கறேன்."

"எனக்கு அவள் கடவுளிட்ட இருக்கிறாள்," என்றேன். "அதில நானும் விடமாட்டன்."

"உடாதீங்க," என்றார், சிரிக்க முயன்று. "திங்கக்கெழம ஸ்கூல்ல உட்றேன். பயமாத்தான் கீது."

"பயம் இருக்கட்டும். விடுங்கோ."

மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கூட்டம் ஒரே தள்ளாய்த் தள்ளியது. சரோஜா பைகளோடு ஏறிவிட்டார். பிள்ளையைக் காணவில்லை. பார்த்தால், பத்தடி தள்ளி, காற்றாடி விற்பவரின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"வெண்ணிலா!" என்று முனிரத்தினம் கத்தினார்.

அவள் திரும்பவில்லை. பஸ் ஜன்னலில் சரோஜாதான் சட்டென்று திரும்பிப் பார்த்தார். முனிரத்தினம் இன்னும் பலமாகக் கூப்பிட்டார். அப்போதும் அவள் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். முனிரத்தினம் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடினார், அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார், தோளைத் தொட்டு இன்னொரு முறை சொன்னார்.

அவள் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யாரக் கூப்ட்ற நைனா?"

"உன்னத்தான்," என்றார் அவர்.